எனக்கு மறதி இல்லை, தம்பி

தம்பி,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. பேசி அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். என் குரலை நீ காரில் போகும்போதுதான் ஓடவிட்டுக் கேட்பாய். பக்கத்தில் அபி இருப்பாள். தை மாதம் உன் பெண்டாட்டியாக வரப்போகிறவள் கேட்கக்கூடாத விஷயம் அம்மாவிடம் என்ன இருக்கிறது என்று நீ நினைக்கலாம். அவள் கேட்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதை என் வாயிலிருந்து கேட்கக்கூடாது. அதனால்தான் எழுதி, ஒவ்வொரு தாளாக நானே படம் பிடித்து அனுப்புகிறேன். மாதர் சங்கக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதிப் பழகிய கைதான், எழுத்து புரியும். கோணலாகத் தெரிந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நலமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் முறை. நலமாகத்தான் இருக்கிறேன். லிந்துலையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. முழங்கால் வலிக்கிறது, அது எனக்குப் பழகிய வலி. ஆனால் உங்கள் ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து ஒரு களைப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது, தூங்கி எழுந்தாலும் போகவில்லை. முதலில் பயணக் களைப்பு என்று நினைத்தேன். சித்திரையில் போய் வந்த பயணத்துக்கு ஐப்பசியிலும் களைப்பு இருக்குமா? மலையில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில்கூட இப்படி இருந்ததில்லை. நிறுவைக்குக் கொண்டுபோய்க் கூடையை இறக்கினால் முதுகு லேசாகிவிடும். இதை எங்கே இறக்குவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் சித்தி டிக்கெட் எடுத்து, விசாவுக்கு வேண்டிய தாள்களையெல்லாம் அனுப்பி, "அக்கா, நீங்க இந்த வருஷம் வந்தே ஆகணும், மகன் கல்யாணம் பேசுற எடத்த நீங்க பாக்க வேணாமா" என்று பிடிவாதம் பிடித்ததால்தான் நான் விமானம் ஏறினேன். கட்டுநாயக்காவில் ஒரு அதிகாரி என் பாஸ்போட்டைப் புரட்டிவிட்டு, "ரஸ்ஸாவ மொகக்த அம்மே?" என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிறார். "தே தலு கடனவா மஹத்தயா" என்றேன். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டேன் என்று சிங்களத்தில் சொல்ல அந்த நேரம் வாயில் வரவில்லை, பறிக்கிறேன் என்றே சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், சிரித்தார், முத்திரை குத்தினார். யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்லிவந்த பதில் அது. அடுத்த நாளே அதைச் சொல்லக்கூடாத ஒரு இடத்தில் போய் இறங்குவேன் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து நீதான் கார் ஓட்டினாய். சித்தி என்னோடு பின்னால் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் வெடிப்பைத் தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, ஒன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. அபி வீட்டுல யாராச்சும் கேட்டா, ஹட்டன் டவுன்ல நமக்குத் துணிக்கடைன்னு மட்டும் சொல்லுங்க. தோட்டம், லயத்து வீடு அதெல்லாம் பேச வேணாம். அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க, படிச்சவங்க. ஒருக்கா ஒரு மாதிரி நெனச்சிட்டாங்கன்னா அப்புறம் மாத்த ஏலாது." அவள் சொன்னதில் பாதி உண்மை. அவள் வாக்கப்பட்டது ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில். அவளுக்கு அது கடைதான். நீ வெளிநாட்டில் அவள் வீட்டில் தங்கிப் படித்ததால், கேட்டவர்கள் உன்னையும் கடைவீட்டுப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். நீ இல்லை என்று சொல்லாமல் விட்டிருப்பாய். அது எனக்கு விளங்கியது. ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது கண்ணாடியில் தெரிந்த உன் கண்ணைத்தான். சித்தி பேசப் பேச நீ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும், "அம்மா, எனக்காக" என்று. நீ சிக்னல் போட்டு அடுத்த ரோட்டுக்குத் திரும்பினாய். நானும் சரி என்று தலையாட்டினேன்.

உன்மேல் அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஹட்டனில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் சாயந்தரம் நீ அடுப்பங்கரையில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, நாளைக்கு வேலையிலருந்து நேரா வராதீங்க, குளிச்சிட்டு வேற சேல கட்டிட்டு வாங்க" என்றாய். உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, பக்கத்து லயத்துப் பிள்ளை சொன்னாள். அன்றைக்கு அரை நாள் வேலையை விட்டு, தலைக்கு ஊற்றி, தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். மழையில் பஸ் வராமல் பாதித் தூரம் நடந்ததில் சேலை முழுக்கச் சேறு. நீ பள்ளிக்கூட வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அப்புறம் ஓடிவந்து குனிந்து உன் கைக்குட்டையால் என் சேலைக் கரையைத் துடைத்தாய். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் துடைத்தாய். வெட்கமும் இருந்தது உனக்கு, என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் வளர்த்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அபி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். அபியின் அம்மா கதவைத் திறந்து, "வாங்கோ அக்கா, குளிருக்க நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ" என்று என் கோட்டைக் கழற்றித் தானே மாட்டிவைத்தார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்று நீ சொல்லியிருந்தாய். நான் இரும்பு மாதிரி ஒரு ஆளை எதிர்பார்த்துப் போனேன். அவர் பருப்புக் கறி அடிப்பிடித்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி அவருக்கு இருபது வருஷத்துச் சிநேகிதி, அடுப்படி வரைக்கும் போய் வருகிற பழக்கம். கடையில் என்ன நன்றாகப் போகும் என்று அபி என்னிடம் கேட்டாள். நல்ல பிள்ளை, பேச்சுக்குத்தான் கேட்டாள். நான் தீபாவளிக்கு எந்தச் சேலை போகும், பொங்கலுக்கு எது, எந்த அலுமாரியில் சிறுபிள்ளைச் சட்டை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த கடைதானே. நீ நன்றாகச் சாப்பிட்டாய். நான்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். திரும்பும்போது சித்தி, "அக்கா, சூப்பரா சமாளிச்சீங்க" என்றாள்.

அடுத்த வாரம் அபியின் அம்மா, தான் வேலை செய்கிற இடத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டார். அபிக்கு வேலை, சித்திக்கும் வேலை. நீ லீவு போட்டுக் கூட்டிப்போனாய். கார்டு காட்டினால் திறக்கிற கதவு ஒன்று, அப்புறம் இன்னொன்று. உள்ளே ஆஸ்பத்திரி வாசனை. அவர் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார், கை நீளமாக இருந்தது, நீ மடித்துவிட்டாய். "அம்மா, டொக்டர் மாதிரி இருக்கீங்க" என்று சிரித்துப் போட்டோ எடுத்தாய். அந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் என்றால் அந்தக் கொஞ்ச நேரம்தான். பெரிய பெரிய குளிர்ப்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. மெஷினைக் காட்டி இது என்ன செய்யும், அது என்ன செய்யும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி விளங்கவில்லை என்றாலும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கடைசியில் சுவரோரமாக வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், வாயில் மெல்லிய துணி கட்டி வைத்திருந்தது. "இவையோடதான் அக்கா என்ர சீவியம்" என்றார். குனிந்து பார்த்தேன். அட்டை. தண்ணீருக்குள் அட்டை.

நம் மலையில் இருக்கிற நூல் மாதிரி அட்டை இல்லை, விரல் தண்டிக்கு இருந்தது. அதன் எச்சிலில் இருக்கிற ஏதோ ஒன்று இரத்தத்தை உறையவிடாதாம். அதிலிருந்து மருந்து செய்வார்களாம், அறுந்துபோன விரலை ஒட்டவைக்கும்போது அட்டையை விட்டு இரத்தத்தை ஓடவைப்பார்களாம். அவர் ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு ஆசை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. நான் ஆயுசு முழுக்க மிதித்துத் தேய்த்த ஜந்துவை ஒரு அம்மா குளிர் பார்த்து, தண்ணீர் மாற்றி வளர்க்கிறார். இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினேன். கடைக்காரிக்கு அட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் நீங்கள் இருவரும் ஏதோ கம்ப்யூட்டரைப் பார்க்க அந்தப் பக்கம் போனீர்கள், இங்கிலீஷில் பேச ஆரம்பித்தீர்கள். நான் மெல்ல நடந்து மூலைப் பக்கம் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, மாணவி, சட்டைக் கையைச் சுருட்டி மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கைக்குக் கீழே ஒரு அட்டை. குடித்துக் குடித்து உப்பிப் போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மழைக்காலத்தில் மலையேறுகிற நாங்கள் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு முடிச்சு உப்போடுதான் போவோம். பறிக்கிற கை நிற்காது. பக்கத்து நிரையில் நிற்கிறவள் கழுத்தில் அட்டையைக் கண்டால் அவளிடம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டோம். உப்பைப் போட்டு, நகத்தால் தட்டி, காலால் மிதித்து, பேப்பர் துண்டை எச்சில் தொட்டு இரத்தத்தின்மேல் ஒட்டிவிட்டுத் திரும்பவும் பறிப்போம். முப்பது வருஷம் அப்படித்தான். விமானத்தில் சாப்பாட்டோடு கொடுத்த உப்புப் பொட்டலங்களை வீணாக எறிவானேன் என்று கைப்பையில் போட்டு வைத்திருந்தேன். எப்போது எடுத்தேன், எப்போது கிழித்தேன் என்று தெரியவில்லை. அட்டை சுருண்டு இரத்தத்தைக் கக்கிக்கொண்டு விழுந்தது. குதிகாலால் மிதித்தேன். மேசையில் இருந்த தாளின் ஓரத்தைக் கிழித்து எச்சில் தொட்டு அந்தப் பிள்ளையின் கையில் ஒட்டிவிட்டு, "ஒன்னுமில்லம்மா, போயிருச்சு" என்றேன். அவள் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல பெண், திட்டவில்லை. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

நீங்கள் ஓடிவந்தீர்கள். அது வேண்டுமென்றே கடிக்கவிட்ட அட்டை, மாதக் கணக்கில் பட்டினி போட்டு வைத்திருந்து அன்றைக்குத்தான் குடிக்க விட்டார்கள், குடித்து முடித்ததும் அதிலிருந்து எதையோ எடுத்துப் பார்க்க இருந்தார்கள் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் முகம். வெளுத்துப்போய் நின்றாய். அபியின் அம்மாவிடம் வேகமாக இங்கிலீஷில் பேசினாய். "சொறி, சொறி" என்பது மட்டும் விளங்கியது. ஒரு தடவை உன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினாய். அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. கோபம் வரும் என்று நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "பரவாயில்லை அக்கா, வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார். நீ அந்தப் பிள்ளையோடு தரையைத் துடைக்க நின்றுவிட்டாய்.

இனி நான் எழுதுவது உனக்குத் தெரியாதது. ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, பையிலிட்ட தேயிலையைக் கோப்பையில் முக்கிக் கொடுத்தார். அப்புறம் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிறுபிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "அக்கா, மகன் சொன்னவர், உங்களுக்குக் கொஞ்சக் காலமாய் மறதி, சில நேரம் எங்க நிக்கிறம் எண்டு தெரியாமல் குழம்பிப் போவீங்கள் எண்டு. பயப்பிடாதேங்கோ. டொக்டரிட்டக் காட்டினனீங்களோ? எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கினம்."

நீ நெற்றியைத் தொட்டது அப்போதுதான் விளங்கியது. கடை என்று சொன்னதற்கு நான் உன்னை மன்னிக்க வேண்டியதே இல்லை, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் இது வலித்தது தம்பி. இன்னும் வலிக்கிறது. அம்மா கொழுந்து பறித்தவள், பழக்கத்தில் செய்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைவிட அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காதோ என்னவோ. உன் வாயில் அது நொடியில் வந்திருக்கிறது. இப்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தால்கூட எனக்குப் பயமாக இருக்கிறது, நீ சொன்னது பலித்துவிடுமோ என்று.

"எனக்கு மறதியெல்லாம் இல்லைங்க" என்றேன். "நான் கடைக்காரியும் இல்ல. கொழுந்து பறிச்சவ. லிந்துலப் பக்கம் தோட்டத்துல, லயத்துல இருக்கேன். அட்டையப் பாத்தா உப்பப் போடுறதுதான் எங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ள கையில பாத்ததும் என் கை தானா போயிருச்சு. மன்னிச்சுக்கங்க."

"அப்ப கடை?"

"அது தங்கச்சி மாமனார் கடைங்க. நான் அங்க துணி வாங்கப் போவேன்."

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். அபிக்குத் தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான் அவளுக்குச் சொல்லமாட்டன். சொல்ல வேண்டிய ஆள் நானில்லை. அவர் சொல்லட்டும்" என்றார். எழுந்து கோப்பையைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "அக்கா, லயத்தில இருந்து வந்தவர் எண்டதில எனக்கு ஒண்டும் இல்லை. எங்கட ஆக்கள் சிலருக்கு இருக்கும், எனக்கில்லை. ஆனால் ஒரு சின்ன வெக்கத்துக்குத் தன்ர தாயைப் புத்தி பேதலிச்சவ ஆக்கின பிள்ளை, நாளைக்கு ஒரு இக்கட்டு வந்தால் என்ர பிள்ளையை என்னெண்டு சொல்லுவார்?" நான், "அவன் நல்ல புள்ளைங்க" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது, தம்பி. அது உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி.

காரில் திரும்பினோம். வீடு வரப்போகும் நேரத்தில், "ஏம்மா பேக்ல உப்பு வச்சிருந்தீங்க?" என்றாய். பிளேனில் கொடுத்தார்கள் என்றேன். அவ்வளவுதான் நமக்குள் நடந்த பேச்சு. மறுநாள் நீ எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தாய், விலை உயர்ந்தது, தொட்டால் அப்படி ஒரு மென்மை. உன் வாயால் சொல்ல முடியாததைச் சால்வையாகப் போர்த்திவிட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்கிக்கொண்டேன். பெட்டியில்தான் இருக்கிறது, இன்னும் போர்த்த மனம் வரவில்லை.

நான் திரும்பி வந்த பிறகு, சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசும்போது மண்டபம், சாப்பாடு, தாலிக்கொடி என்று பேசினாய், இதைப் பற்றி ஒன்றுமில்லை. போன வாரம் அபியின் அம்மா கூப்பிட்டார். "அக்கா, அவர் இன்னும் வாய் திறக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்னைப் போலவே களைத்துப்போன குரல். கார்த்திகையில் அபியோடு கொழும்புக்கு வருகிறார்களாம், முறைப்படி மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டுமாம், வரலாமா என்று கேட்டார். வாங்க என்றேன். அடுத்த நாளே சித்தி கூப்பிட்டாள். அவளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. "அக்கா, ஒரு ரெண்டு நாளைக்கு ஹட்டன்ல கடை மாடியில போய் இருங்க. அங்கதான் உங்க வீடுன்னு காட்டிட்டு அனுப்பிருவோம். பாத்திரம் பண்டமெல்லாம் நான் சொல்லி வைக்கிறேன். தம்பிக்கும் அதான் சரின்னு படுதாம்." உனக்கும் அதுதான் சரி என்று படுகிறதாம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா என்னைக் கட்டிய கதையை உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. எங்கள் வீடு அக்கரப்பத்தனையில். என் அப்பாவும் மாமன்மாரும் மாப்பிள்ளை வீடு பார்க்க லிந்துலைக்கு வந்தபோது, இங்கே ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேர். உன் பெரியப்பா அக்கம்பக்கத்தில் அலைந்து கதிரை, சுவர்க் கடிகாரம், பூப்போட்ட கோப்பை, ஒரு ரேடியோ எல்லாம் கொண்டுவந்து நிரப்பி வைத்திருந்தாராம். என் அப்பா உட்கார்ந்து கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நல்ல கடிகாரம் என்றிருக்கிறார். உன் அப்பாவால் தாங்க முடியவில்லை. "மாமா, கடிகாரம் பக்கத்து வீட்டுது. ரேடியோ அதுக்கு அடுத்த வீட்டுது. நீங்க ஒக்காந்திருக்க கதிரையும் எங்களுது இல்ல. அந்தப் பாயும் நானுந்தான் இந்த வீட்டுது" என்றிருக்கிறார். உன் பெரியப்பா அவர்மேல் பாயப் போனாராம். என் அப்பா எழுந்து, கதிரையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பொண்ணக் குடுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எல்லாத் தகப்பனும் அப்படிப் பாயில் உட்காருவான் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அபி என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. இந்தக் கல்யாணம் நின்றுபோகலாம். அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை என்று நான் கண்ணால் பார்த்தவள்.

ஹட்டன் மாடிக்கு நான் போகமாட்டேன். வீம்புக்காக இல்லை. எனக்கு முடியவில்லை தம்பி, அவ்வளவுதான். ஒரு தரம் நடித்துப் பார்த்துவிட்டேன், கொழுந்து பறிப்பதைவிட அது கஷ்டமான வேலை. அவர்கள் வருகிற அன்றைக்கு நான் இங்கேதான் இருப்பேன், நீ பணம் அனுப்பி ஓடு மாற்றிய இதே வீட்டில். மழை இல்லாவிட்டால் பாதை பரவாயில்லை, வேன் கோயிலடி வரைக்கும் வரும், மிச்சம் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கோழி கேட்டு வைத்திருக்கிறேன். அபிக்குக் காரம் ஆகாது என்று ஞாபகம் இருக்கிறது.

நீ அபியிடம் சொல்லு. முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லு, அப்புறம் எனக்கு மறதி இல்லை என்று சொல்லு. இரண்டாவதைச் சொல்வதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும், அதை விட்டுவிடாதே. சொல்லிவிட்டு, அவர்கள் வருவதற்கு முதல் நாளே இங்கே வந்துவிடு. அவர்களோடு ஒரே வேனில் வந்து இறங்காதே. மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறவர்களை வாசலில் நின்று கூப்பிட வீட்டில் ஒரு ஆம்பிளை வேண்டும், உன் அப்பா இல்லை. நீ அவர்களோடு வந்தால் நான் மட்டும்தான் வாசலில் நிற்பேன். எதிரில் நிற்கிற எல்லாரையும் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும், அதில் நீயும் நிற்பாய். உன்னை விருந்தாளியாக இந்த வீட்டுக்குள் கூப்பிட மட்டும் என்னால் முடியாது.

அம்மா